சொல்தா வீடுகளும் சனிக்கிழமைக் கூட்டமும்

நம்ம புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் விளக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள். 1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்களும் அவர்களோடு சேர்த்தி. அந்த பிராங்க் பணம் மாதம் முழுக்க ஊருக்குள்ளேயே சுற்றியது: ரொட்டிக்கடை, தையற்கடை, மருந்துக்கடை, நகைக்கடை.

பிள்ளைகள் பிரான்சுக்குப் போனார்கள், பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள். வீடுகள் கெஸ்ட் ஹவுஸ் ஆயின, கூடம் காபிக்கடை ஆயிற்று. இன்று அந்தத் தெருக்களின் வியாபாரம் சனி, ஞாயிறு சென்னை, பெங்களூர் வண்டிகளை நம்பித்தான். பலகையில் பிரெஞ்சு இருக்கிறது, பல இடங்களில் எழுத்துப்பிழையோடு. (திருத்தச் சொல்ல ஆளில்லை என்ற தைரியம்!)

சுற்றுலா வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நம் பையன்களுக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் புதுச்சேரியில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 2-க்கும் கீழே. அப்படியானால் இங்கேயே குடியிருக்கும் வாடிக்கையாளர்களில் கிழங்களின் பங்கு வருஷா வருஷம் கூடத்தான் செய்யும். விளம்பரங்களிலோ இருபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு முகம் இல்லை. படியில் கைப்பிடி, உட்கார ஒரு நாற்காலி, பெரிய எழுத்தில் விலைப்பட்டியல் வைக்கிற கடைக்காரருக்குத் திங்கட்கிழமையும் கல்லா நிறையும் என்பது என் கணக்கு.