பழைய விளையாட்டுச் சஞ்சிகைகள் என்ன விலை பெறும்?

பழைமையான பொருள் எதுவாயினும் அதற்கு என்றேனும் பெருவிலை கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருப்பதனாலோ என்னவோ, அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்திலும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்வு பெற்ற அன்பர்கள் சிலர், பரண்மேல் அடுக்கிவைத்த ‘ஸ்போர்ட்ஸ்டார்’ கட்டுகளைச் சுட்டி, ‘இவை என்ன பெறும்?’ என்று வினவுவதுண்டு. பழைய பேப்பர்க் கடைத் தராசு சொல்லும் தொகைக்குமேல் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம் என்பதே என் விடை.

1978-இல் தொடங்கிய அப்பத்திரிகையை வாங்கியவர்கள் ஏராளம்; வாங்கியதைப் பத்திரப்படுத்தியவர்களும் ஏராளம். எல்லோரும் காத்துவைத்த பொருளுக்கு எவரும் அலையமாட்டார்கள். போதாக்குறைக்கு, அதன் நடுப்பக்க வண்ணப்படங்கள் விடுதி அறைகளையும் முடிதிருத்தகச் சுவர்களையும் அலங்கரிக்கப் போய்விட்டமையால், பரணில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் நடுவயிறு கிழிந்த பிரதிகளே. சேகரிப்போர் முதலில் புரட்டிப் பார்ப்பதோ அந்த நடுப்பக்கத்தைத்தான்! அமெரிக்காவில் 1954 ஆகஸ்டில் வெளிவந்த ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்டிரேட்டட்’ முதல் இதழின் கதையும் இதுவே: உள்ளே இணைத்திருந்த பேஸ்பால் வீரர் அட்டைகள் அப்படியே இருந்தால் ஒரு மதிப்பு, பிரித்தெடுத்திருந்தால் வேறு மதிப்பு.

அபூர்வமும் விஷய கனமும் ஒருங்கே கூடினால்தான் காகிதத்துக்கு விலை ஏறும். இங்கிலாந்தின் ‘விஸ்டன்’ கிரிக்கெட் ஆண்டு மலர்களில் 1916-ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைவதற்குக் காரணம், யுத்தகாலத்தில் அது சொற்பமாகவே அச்சாயிற்று என்பது மட்டுமன்று. முந்தின ஆண்டில் மறைந்த டபிள்யூ. ஜி. கிரேஸ், விக்டர் டிரம்பர் இருவருக்குமான இரங்கலுரைகளும் அதில்தான் உள்ளன.

நம் சென்னையில் இவ்விரண்டும் கூடும் பத்திரிகை ஒன்று உண்டெனில், அது ‘ஹிந்து’ ஸ்தாபனத்தார் 1947 முதல் 1968 வரை நடத்திய ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ வாரப் பத்திரிகையே என்பது என் துணிபு. 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் வினூ மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை ஈட்டியதும், ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை முன்னேறி, முறையே நீல் பிரேசரிடமும் ராட் லேவரிடமும் தோற்றதும் அதன் ஆயுட்காலத்தில் நிகழ்ந்தவை. ஆட்ட முடிவுகளை எந்தக் குறிப்பேட்டிலும் காணலாம். அன்றைய பார்வையாளன் எதைக் கண்டு வியந்தான், எதற்குச் சலித்துக்கொண்டான் என்பதையோ அந்தந்த வாரத்துப் பக்கங்களில்தான் தேடவேண்டும்.

அதிலும் முற்பட்ட ஆண்டுகளின் இதழ்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. பதிப்பாளர் புதிய நூல்களின் பிரதியைக் கன்னிமாரா முதலிய பொது நூலகங்களுக்கு அனுப்பவேண்டும் என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டம், 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னரே பத்திரிகைகளையும் தழுவியது. அதற்கு முந்தியவை தனிமனிதர்களின் சிரத்தையாலன்றிப் பிழைத்திருப்பது கடினம். பழம்புத்தகப் பிரியர்களின் புகலிடமாயிருந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் தீக்கிரையாயிற்று. கரையான், இராமபாணப் பூச்சி, துருவேறிப் பக்கங்களைத் தின்னும் கம்பி ஊசி ஆகிய பொதுப் பகைவரோடு, எங்கள் ஊரில் எண்ணூர்க் கடலின் உப்புக்காற்றும் அனல்மின் நிலையச் சாம்பல் தூசியும் சேர்ந்துகொள்கின்றன. (வெள்ளை வேட்டியே இங்கே தப்புவதில்லை, மட்டமான காகிதம் தப்புமா?)

ஆகவே, ‘ஸ்போர்ட்ஸ்டார்’ வைத்திருப்போர் அதைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்து ஆசைதீரப் படிக்கச் சொல்லட்டும். லாபத்தை எதிர்பார்த்துப் பூட்டிவைப்பதில் பிரயோஜனமில்லை. ஆனால் 1947-க்கும் 1956-க்கும் இடைப்பட்ட ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ்கள், குறிப்பாக ஆண்டு வாரியாகப் பைண்டு செய்த தொகுதிகள், எவர் வீட்டிலேனும் இருக்குமாயின், அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்றுவிடாமலும் தராசில் ஏற்றிவிடாமலும், முதலில் கன்னிமாரா நூலகத்துக்கோ தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ ஒரு கடிதம் எழுதிக் கேட்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.