ரத்த சொந்தம் வெட்டுது. இரும்பு நாய் காப்பாத்துது!

அண்ணனை வெட்டிய தம்பி. வரப்புத் தகராறில் மாமன் மண்டை உடைந்தது. நகைக்காகப் பாட்டியின் கழுத்தை நெரித்த பேரன்.

இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிற செய்திகளில் பாதி இந்த ரகம்தான். நாள் பூரா இதை எழுதுகிறவன் ராத்திரி என்ன படிப்பான்? துப்பறியும் கதையா? அட போங்கய்யா! நான் படிப்பது ஜீனோ கதை.

நிலாவும் நாயும்

ஜீனோ யார் என்று 40 வயது தாண்டியவர்களைக் கேட்டால் சட்டென்று சொல்வார்கள். எழுத்தாளர் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய "என் இனிய இயந்திரா" தொடர்கதையில் வரும் எந்திர நாய். சுஜாதா பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்சில் என்ஜினீயராக இருந்தவர். 2008-ல் காலமானார்.

கதை நடப்பது 2020-களில். அவர் எழுதியபோது அது ரொம்ப தூரத்து எதிர்காலம். இப்போது நாம் அதில்தான் பஸ்சுக்கு நிற்கிறோம்!

ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. பிள்ளை பெறவும் அரசாங்க அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணுக்கு அனுமதி கிடைக்கிறது. புருஷன் சிபி திடீர் மாயம்! ரவி என்பவன் வீட்டுக்குத் தங்க வருகிறான். கூடவே வருகிறது ஜீனோ. (பெயர்களைப் பாருங்கள். எல்லாம் இரண்டே எழுத்து.)

ரவி எப்படிப்பட்டவன் என்பதை இங்கே உடைக்க மாட்டேன். படிக்காதவர்கள் சாபம் விடுவார்கள். ஆனால் நிலாவுக்கு ஆபத்து வரும்போது பக்கத்தில் நிற்பது யார்? பெரியப்பா மகனா? இல்லை. தகரமும் ஒயரும் சேர்ந்த ஒரு நாய். புத்தகம் படிக்குது, கிண்டல் பண்ணுது, யோசிக்குது. நிலாவைத் தன் மனுஷியாக எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை "மீண்டும் ஜீனோ"வில் படிக்கலாம்.

கப்பலில் ஒரு கிளார்க்

சமீபத்தில் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் பெக்கி சேம்பர்சின் முதல் நாவலை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முக்கி முனகிப் படித்து முடித்தேன். 2014-ல் அவர் சொந்தமாக வெளியிட்ட புத்தகம். அதில் தொடங்கிய வரிசைக்கு 2019-ல் ஹியூகோ பரிசு கிடைத்தது.

விண்வெளியில் சுரங்கப்பாதை போடும் ஒரு பழைய கப்பல். அதில் கணக்கு வழக்கு, தாள் வேலை பார்க்கச் சேருகிறாள் ஒரு பெண். ஆமாம், கிளார்க்! சொந்த வீட்டை விட்டுத் தப்பி வந்தவள். கப்பலில் மனிதர் பாதி, வேற்றுலகத்தார் பாதி. சண்டை போட்டு, சேர்ந்து சாப்பிட்டு, கடைசியில் ஒரு குடும்பமாகிறார்கள்.

பல்லி மாதிரி உடம்பும் தலையில் இறகும் கொண்ட ஒரு இனம் வருகிறது. அவர்களுக்குக் குடும்பம் மூன்று வகை. முட்டையில் பிறந்தது ஒன்று. வளர்ந்தபின் தானே தேடிக்கொள்வது இன்னொன்று. பிள்ளைகளை வளர்ப்பது மூன்றாவது. இதில் பாகப்பிரிவினை வழக்கு எப்படி நடக்கும் என்றுதான் என் புத்தி ஓடியது. தொழில் புத்தி!

குறையும் உண்டு. பாதிப் புத்தகம் வரை கதை எங்கே போகிறது என்றே தெரியாது. சுஜாதா இரண்டாவது பாராவிலேயே நம் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பார்.

"நிஜத்தில் இப்படி ஒருத்தனும் இல்லை. ஏமாத்து வேலை" என்கிறார் எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர். அப்படி இல்லை, அண்ணே. கத்திக்குத்து பட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த ஆட்டோக்காரர் அவனுக்கு என்ன உறவு? விடிய விடிய வாசலில் நிற்கிறாரே! அவர் செய்தியில் ஒரு வரி. வெட்டியவன் தலைப்பில். தப்பு கதையில் இல்லை, நம் பக்கத்தில்.

மாரமங்கலத்துக்கு எப்போது?

சேலத்தில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. அதையும் தாண்டி உள்ளே போனால் மாரமங்கலம். காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, சிதறிக் கிடக்கும் ஊர்கள். இந்த மலை ஜனங்களிடம் ஒரு பழங்கதை உண்டு. காஞ்சிபுரத்தில் இருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்தார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலை, நடுவண்ணன் பச்சைமலை, சின்னண்ணன் கொல்லிமலை. வந்த இடத்தில் சொந்தம் உண்டாக்கிக் கொண்டார்கள். கப்பல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா அம்மா வெளியூர்த் தோட்ட வேலைக்குப் போக, பாட்டியிடமோ பள்ளி விடுதியிலோ வளரும் பிள்ளைகள் மலையில் உண்டு. அந்தப் பையன் கையில் பொது அறிவுக் கையேட்டைத் திணித்தால் போதுமா? ஜீனோவையும் கொடுங்கள் என்கிறேன்.

காசு எங்கே என்று கேட்காதீர்கள். 1948 நூலகச் சட்டப்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி வாங்குகிறார்கள். சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி உங்கள் வரி ரசீதை எடுத்துப் பாருங்கள்.