தோட்டத்தில் இருவர், லைன் வீட்டில் எட்டுப் பேர்



அவிநாசியில் புறப்பட்டுத் திருப்பூர் வழியாக வரும் 381-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அவிநாசிபாளையத்தில் முடிகிறது. இங்கே கோவை - கரூர் சாலை குறுக்கிடும். நேரே போனால் தாராபுரம். காலையில் இந்தச் சாலைகளில் பனியன் கம்பெனி வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். அவற்றில் பாதிப் பேச்சு இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கும். சாலையை விட்டு உள்ளே தோட்டங்களுக்குப் போனால், பெரிய வீட்டில் வயதான இருவர் மட்டும் இருப்பார்கள். மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில்.

பிள்ளைகளை விரட்டியதில் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. பொங்கலூர் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனம் நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து வருவது. நம் முறை வருவதற்குள் கிணறு வறண்டுவிடும், ஆயிரம் அடி போர் போட்டாலும் புகைதான். அப்பன் படும் பாட்டைப் பார்த்த பிள்ளை இன்ஜினீயரிங் படிக்கப் போனான்; போனவன் திரும்பவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

போனவர்கள் கதை இப்படி; வேலை தேடி வந்தவர்கள் கதைக்கு நூறு வயது. திருப்பூரில் பனியன் தொழில் 1925 வாக்கில் தொடங்கியது. முதலில் சுற்றுக் கிராமத்து விவசாயிகள் போனார்கள். எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி தொடங்கிய பிறகு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தார்கள். அவர்களையும் அன்று 'வெளியூர்க்காரங்க' என்று தள்ளித்தான் வைத்தோம். இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் நம்மைவிட நன்றாக 'ஏனுங்க' போடுகிறார்கள். இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். தோட்டத்து மூலையில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளின் வாடகை, விளைச்சல் தராத காசைத் தருகிறது. கோழிப் பண்ணையிலும் தென்னந்தோப்பிலும்கூட அவர்கள்தான் ஆள். அவர்கள் ஊரிலும் தாயும் தகப்பனும் தனியாகத்தான் இருக்கிறார்கள் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

2024 நவம்பர் கடைசியில், அவிநாசிபாளையம் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் கொல்லப்பட்டார்கள். அன்று முதல் தோட்டத்துச் சாளைகளில் ராத்திரி யாருக்கும் சரியான தூக்கமில்லை. வடக்கத்திக்காரர்கள் வேலையாகத்தான் இருக்கும் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டவர்கள் உண்டு. மறு ஆண்டு, பக்கத்து ஈரோடு மாவட்டத்துச் சிவகிரி அருகே தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்ட வழக்கில் சிலர் கைதானார்கள். சேமலைகவுண்டம்பாளையம் கொலையிலும் அவர்களுக்குத் தொடர்பு உண்டு என்று காவல்துறை சொன்னது. கைதானவர்கள் அதே ஈரோடு மாவட்டத்துக்காரர்கள். வடக்கத்திக்காரர்கள் பக்கமும் பயம் உண்டு. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து ரயிலேறியவர்களை நிறுத்தக் கம்பெனிக்காரர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. இரண்டு பக்கப் பயமும் ஆள் தெரியாததால் வந்தது. லைன் வீட்டில் குடியிருப்பவர் பெயர்கூடத் தெரியாமல் மாதாமாதம் வாடகை மட்டும் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெயர் மட்டுமல்ல, அவர்களின் எண்ணிக்கையும் சரியாகத் தெரியாது. பஞ்சாயத்துக்கு நிதி ஒதுக்க இன்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். 2001-க்கும் 2011-க்கும் இடையில் மாநில மக்கள்தொகை 15.6 சதவீதம் கூடியபோது, திருப்பூர் மாவட்டத்தில் 29 சதவீதம் கூடியது. 19 லட்சம் ஏறத்தாழ 25 லட்சமானது. அதன்பின் வந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களும் நம்மோடு சேர்ந்துதான் அதே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள். குப்பையள்ளும் ஆளும் தெருவிளக்கும் பழைய கணக்குக்குத்தான் வரும்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். லைன் வீடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கணக்கெடுக்க வருபவரிடம் 'அவங்க வெளியூர் ஆளுங்க' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரையும் எழுதச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் பக்கத்தில் நின்று உதவுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, தோட்டத்தில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்று ராத்திரி ஒரு போன் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்