ஒருங்கிணைந்த மருத்துவக் கல்வி: அளப்பது எங்ஙனம்?

பலெர்மோவில் வீட்டுப்பணி செய்து பிள்ளைகளை ஆளாக்கிய எம்மவர் பலரது உள்ளத்தில் வைத்தியர் கனவு ஒன்று உண்டு. அக்கனவு நாடிச் செல்லும் மருத்துவபீடம் எவ்வாறு கற்பிக்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

இத்தாலிய மருத்துவக் கல்வி, 1986 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துடன் தனித்தனிப் பாடங்களிலிருந்து 'ஒருங்கிணைந்த பாடநெறி' முறைக்குத் திரும்பியது. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நோயியல், சிகிச்சை ஆகியவற்றைத் தொடர்புபடுத்திக் கற்பித்தலே இதன் நோக்கம். அமெரிக்காவின் வெஸ்டேர்ன் றிசேர்வ் பல்கலைக்கழகம் 1952 இல் தொடக்கிய வழி இது. கொழும்பு மருத்துவபீடமும் 1995 இல் இவ்வழிக்கு வந்தது. இத்தாலியில் மாணவர் ஆறாண்டுகளில் 360 புள்ளிகளைப் பெறல் வேண்டும். பரீட்சைகள் 36 ஐத் தாண்டலாகாது.

இம்முறையின் பயனை எதைக்கொண்டு அளப்பது? 1999 ஆம் ஆண்டின் 370 ஆம் இலக்கச் சட்டப்படி, மாணவரின் கருத்துகள் பெயர் குறிப்பிடாது திரட்டப்படுகின்றன. நன்றே. எனினும், விரிவுரை பிடித்திருந்ததா என்பது வேறு. நோயை இனங்காணும் ஆற்றல் வளர்ந்ததா என்பது வேறு. இதற்கு நெருங்கிய பிரச்சினைவழிக் கற்றல் குறித்து 1993 இல் வெளியான ஆய்வுத் தொகுப்புகள், மாணவரின் மனநிறைவு உயர்ந்ததைக் காட்டின. அடிப்படை விஞ்ஞானப் பரீட்சைகளில் அத்தகைய ஏற்றத்தைக் காட்டவில்லை.

எனவே மூன்று கேள்விகளை நாம் முன்வைக்கின்றோம். முதலாவது, பரீட்சையும் ஒருங்கிணைந்ததா? மூன்று பேராசிரியர் தத்தம் பாடத்தில் மட்டும் வினாத் தொடுப்பின், ஒருங்கிணைப்பு பெயரளவிலேயே நிற்கும். இரண்டாவது, நோயாளியின் கட்டிலருகே பெறும் பயிற்சி போதுமானதா? 2020 முதல் மருத்துவப் பட்டமே தொழில் புரியும் அனுமதியாகவும் அமைவதால், பட்டத்துக்கு முந்திய மூன்று மாதச் செய்முறைப் பயிற்சியின் பொறுப்புக் கூடியுள்ளது. மூன்றாவது, இத்தாலிய மொழி சரளமாய்ப் பேசாத நோயாளியை விளங்கிக்கொள்ளவும் அங்கு பழக்கப்படுகின்றதா? இருதயத்தையும் சிறுநீரகத்தையும் இணைக்கும் பாடவிதானம், அவற்றைச் சுமந்து வரும் மனிதனை விட்டுவிடலாகாது. பலெர்மோ வைத்தியசாலைகளில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராய் அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இதன் பொருள் நன்கு தெரியும்.

பெற்றோர் கவனிக்கவேண்டியது இன்னொன்று. இத்தாலியில் சட்டப்படி வதியும் வெளிநாட்டவர் பிள்ளைகள், அனுமதிக்கு இத்தாலியருடன் ஒரே பட்டியலிலேயே போட்டியிடுகின்றனர். 2025 இல் பழைய நுழைவுப் பரீட்சை நீக்கப்பட்டு, இரசாயனம், பௌதிகம், உயிரியல் ஆகியவற்றைக் கொண்ட திறந்த அரையாண்டு புகுத்தப்பட்டது. ஆதலின் உயர்நிலைப் பாடசாலையைத் தெரிவுசெய்யும் வயதிலேயே இம்மூன்றுக்கும் அடித்தளம் இடப்படல் வேண்டும்.