நாலு ஜீபீ லப்டொப்பில் யார் முதலில் சாகவேணும்?

போன மாதம் மண்கும்பானில் தங்கச்சியின் லப்டொப் அப்படியே உறைஞ்சு போச்சு. சித்தியின் மகள். 4 ஜீபீ ரம் உள்ள பழைய மெஷின். 2025 ஒக்ரோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு நின்றதும், "லினக்ஸ் போட்டால் இன்னும் அஞ்சு வருசம் ஓடும்" என்று வாக்குக் கொடுத்து, நான்தான் மாற்றிக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஒப்படை எழுதிக்கொண்டு, மறுபக்கம் பிரவுசரில் பன்னிரண்டு டாப் திறந்து வைத்திருக்கிறாள். மவுஸ் அசையவில்லை. பத்து நிமிசம் பொறுத்துப் பார்த்துவிட்டு பவர் பட்டனை அமத்திப் பிடித்திருக்கிறாள். சேமிக்காத நாலு பக்கம் போய்விட்டது.

"அண்ணா, நீங்களும் உங்கட லினக்ஸும்" எண்டு போனை வைச்சிட்டாள்.

பிழை என்னுடையது. லினக்ஸ் போடும்போதே ஸ்வொப்பை நிறுத்திவிட்டேன். ஸ்வொப் மெஷினை மந்தமாக்கும், டிஸ்க்கைத் தேய்க்கும் என்று எங்கட பெடியள் எல்லாரும் சொல்லுவினம். நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஸ்வொப் இல்லாவிட்டால், நினைவகம் முட்டும்போது கேர்னலால் புரோகிராம்களின் தரவை வெளியே வைக்க முடியாது. அதனால் டிஸ்க்கில் ஏற்கனவே பிரதி இருக்கிற பக்கங்களை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் கோடையே, தூக்கி எறியும். அடுத்த நொடி அதே கோடு தேவைப்படும், திரும்ப வாசிக்கும், திரும்ப எறியும். உறைந்த திரைக்குப் பின்னால் நடப்பது இதுதான். 2019 ஓகஸ்டில் ஆர்த்தெம் தாஷ்கினொவ் என்பவர் கேர்னல் டெவலப்பர்களுக்கு எழுதி முறையிட்டதும் அச்சொட்டாக இதையே: 4 ஜீபீ, ஸ்வொப் இல்லை, டாப்களைத் திறந்துகொண்டே போனால் மெஷின் செத்த மாதிரி நிற்கும்.

இதற்கு அடியில் இருக்கிற விசயம் ஓவர்கமிட். கலியாண வீட்டுக்கு 500 கார்ட் அடிப்பம். சாப்பாடு 350 பேருக்குத்தான் சொல்லுவம். எல்லாரும் வராயினம் என்ற நம்பிக்கை. கேர்னலும் அப்படித்தான். புரோகிராம்கள் பாவிக்கப்போவதைவிட எவ்வளவோ கூடக் கேட்கும், அதுவும் 'சரி, சரி' என்று கொடுத்துவிடும். எல்லாரும் ஒரே பந்திக்கு வந்துவிட்டால்? ஓஓஎம் கில்லர் வந்து, அநேகமாக அதிகம் சாப்பிடுகிறவரை இலையோடு எழுப்பிவிடும். 2004இல் அந்த்ரீஸ் பிரவ்வர் இதை, எரிபொருளைக் குறைத்துப் பறந்துவிட்டு நடுவானில் பயணிகளைத் தள்ளிவிடும் விமான நிறுவனத்துக்கு ஒப்பிட்டுக் கிண்டல் அடித்தார். இருபது வருசம் தாண்டியும் அந்தக் கிண்டல் பழசாகவில்லை.

ஓவர்கமிட்டில் மூன்று நிலை. 0 என்றால் ஓரளவு யோசித்துக் கொடுக்கும். பெரும்பாலான மெஷின்களில் இருப்பது இதுதான். 1 என்றால் கேட்டதெல்லாம் கொடுக்கும். 2 என்றால் ஸ்வொப்பும் ரம்மில் ஒரு பங்கும் (சொல்லாவிட்டால் 50 வீதம்) சேர்ந்த அளவுக்கு மேல் வாக்குக் கொடுக்காது. ரெடிஸ் 1 வை என்கிறது. போஸ்ட்கிரெஸ் 2 வை என்கிறது. இரண்டும் தரவுத்தளம், இரண்டும் தன்னளவில் சரி. நேர்மையானது 2 தானே என்று தோன்றும். ஆனால் இல்லை என்ற பதிலுக்குத் தயாராக எழுதப்படாத டெஸ்க்டொப் புரோகிராம்கள் அதில் பொத்துப் பொத்தென்று விழும். தங்கச்சியின் மெஷினில் 0 தான் இருக்கவேணும். நான் யோசித்திருக்கவேண்டியது வேறொன்றை: வாக்கு பிழைக்கும் நாளில் யார் எழும்பவேணும்?

போன ஞாயிறு திரும்பப் போய்ச் செய்தது கொஞ்சம்தான். ஸீரம் போட்டேன். ரம்முக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஸ்வொப் அது. ஃபெடோரா 2020இலிருந்து தானாகவே போடுகிறது. ஸ்வொப்பினஸை 60இலிருந்து 180 ஆக்கினேன் (கேர்னல் 5.8 வரைக்கும் 100க்கு மேல் போக விடாது). ஏர்லிஓஓஎம் போட்டேன்; நினைவகமும் ஸ்வொப்பும் 10 வீதத்துக்குக் கீழே போனவுடனேயே, உறைவதற்கு முன்பே, ஒன்றை நிறுத்திவிடும். எதைத் தொடக்கூடாது என்றும் அதற்குச் சொல்லலாம்: ஒப்படை எழுதுகிற புரோகிராமின் பெயரைக் கொடுத்தேன். குரோமியம் வகைப் பிரவுசர்கள் தங்கள் டாப்களுக்குத் தாங்களே 300 புள்ளி கூட்டி, 'எங்களை முதலில் எழுப்பு' என்று சொல்லி வைத்திருக்கின்றன. நல்ல பழக்கம்.

இதைக் கேட்ட ஒரு நண்பன், "உதெல்லாம் சாதாரண ஆக்களின்ர வேலையில்லை மச்சான், 8 ஜீபீயா மாத்தச் சொல்லு" என்றான். 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 350 தாண்டினதைப் பார்த்தபிறகும் எப்படி இப்படி லேசாகச் சொல்ல முடிகிறதோ தெரியாது. அந்த மெஷினில் ரம் போர்ட்டோடு ஒட்டியிருக்கிறது, மாற்றவே ஏலாது என்பது இன்னொரு கதை.

முதல் பாதியில் அவன் சொன்னது சரி. தங்கச்சி இதைப் படிக்கத் தேவையில்லை. படிக்கவேண்டியது, ஊர் முழுக்க லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு 'சுதந்திர மென்பொருள்' என்று பெருமை பேசுகிற நாங்கள். வோல்பேப்பர் மாற்ற ஒரு மணித்தியாலம் செலவழிக்கிறோம். பழைய மெஷின் முட்டும் நாளில் எது சாகும் என்று பார்க்கப் பத்து நிமிசம் இல்லை. அந்த முடிவை நாங்கள் எடுக்காவிட்டால், எங்கட 4 ஜீபீயைப் பார்த்தே இராத யாரோ போட்ட இலக்கம் எடுக்கும்.

வெளிக்கிடும்போது முப்பது டாப் திறந்து காட்டச் சொன்னேன். இருபத்தி மூன்றாவதில் ஒரு டாப் செத்தது. மவுஸ் அசைந்துகொண்டே இருந்தது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஒப்படையை ஒருக்கா சேமித்துவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.