இதய நோயறியும் கருவி இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வர வேண்டும்

பெங்களூருவின் தெற்கு விளிம்பில், ஒசூர் நெடுஞ்சாலையில் உள்ள ஹெப்பகோடியைத் தொழிலாளர் இயக்கம் எளிதில் மறக்காது. வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்ற ஒன்றிய அரசின் விதியை எதிர்த்து, 2016 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் இச்சாலையை மறித்தனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொந்தளிப்பு ஹெப்பகோடி காவல் நிலையம் வரை பரவியது. ஏப்ரல் 19 அன்று அரசு பின்வாங்கியது.

அதே வட்டாரத்தில் இன்று தொழிலாளர் பணம் சார்ந்த மற்றொரு கேள்வி எழுந்துள்ளது. ஹெப்பகோடியை அடுத்த பொம்மசந்திராவில் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2024 அக்டோபர் 29 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். இதய நோயை அங்கேயே கண்டறியும் வசதி அதில் இருக்குமா, அல்லது நோயாளியைத் தனியாரிடம் அனுப்பச் சீட்டு எழுதும் இடமாக அது நின்றுவிடுமா என்பதே அக்கேள்வி.

இரு படங்கள், ஒரே விடை

இதய நோயறிதலில் இரண்டு கேள்விகள் உள்ளன. இரத்தக் குழாய் சுருங்கியுள்ளதா என்பது முதலாவது. அச்சுருக்கத்தால் இதயத் தசைக்கு இரத்தம் குறைகிறதா என்பது இரண்டாவது. சி.டி. படம் குழாயின் அமைப்பையும் அதில் படிந்துள்ள சுண்ணாம்புச் சத்தையும் காட்டும். அணு மருத்துவப் படம் இரத்த ஓட்டத்தைக் காட்டும். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை நரம்பில் செலுத்தினால், இரத்தம் செல்லும் அளவுக்கேற்ப இதயத் தசை அதை ஏற்கும். உழைப்பின்போதும் ஓய்வின்போதும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எந்தப் பகுதி இரத்தமின்றித் தவிக்கிறது என்பது தெரியும். இவ்விரண்டையும் ஒரே கருவியில் இணைப்பதே ஸ்பெக்ட்-சி.டி., பெட்-சி.டி. எனப்படும் கலப்புப் படமுறை.

பெண் தொழிலாளர்களுக்கு இதில் தனிப் பயன் உண்டு. அணு மருத்துவப் படத்தை மட்டும் எடுக்கும்போது, மார்பகத் திசு கதிர்களை ஓரளவு தடுப்பதால், நலமான இதயத்திலும் குறைபாடு இருப்பதுபோன்ற நிழல் விழக்கூடும். சி.டி. படத்தின் துணையுடன் அப்பிழையைத் திருத்தலாம். ஆடை ஆலைகளில் பெண்களே பெரும்பான்மையாக உழைக்கும் வட்டாரத்தில் இது அற்ப விஷயமன்று.

தேவையற்ற ஸ்டென்ட் என்னும் சுமை

குழாயில் சுருக்கம் தெரிந்தவுடன் ஸ்டென்ட் வைத்தாக வேண்டுமா? பல நாடுகளில் 5,179 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு, நிலையான இதய நோய் உள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்வது, மருந்துச் சிகிச்சையைக் காட்டிலும் மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கவில்லை என்று கண்டது. நெஞ்சுவலி மிகுந்தவர்களுக்கு நிவாரணம் கிடைத்தது உண்மை. ஆகவே யாருக்கு ஸ்டென்ட் வேண்டும், யாருக்கு மருந்தே போதும் என்று பிரித்தறிவது முக்கியமாகிறது. ஸ்டென்ட் வைப்பதால் வருவாய் பெறும் நிறுவனத்திடமே அந்தத் தீர்ப்பும் முழுமையாக இருப்பது நோயாளிக்கு நல்லதன்று.

2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்டின் விலைக்கு 29,600 ரூபாய் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. நீதிமன்ற வழக்கும் மக்கள் நல இயக்கங்களின் அழுத்தமும் இன்றி அது நடக்கவில்லை. ஆனால் விலைக் கட்டுப்பாடு கருவியோடு நின்றது. ஸ்கேன் கட்டணமும் சிகிச்சைக் கட்டணமும் சந்தையின் கையிலேயே விடப்பட்டன.

பணம் யாருடையது?

இ.எஸ்.ஐ. திட்டம் அரசின் தருமம் அன்று. தொழிலாளி தன் ஊதியத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் செலுத்தி உருவாகும் நிதி அது. 2019 ஜூலைக்கு முன் மொத்தப் பங்களிப்பு 6.5 சதவீதம், அதை ஒன்றிய அரசு 4 சதவீதமாகக் குறைத்தது. தொழிலாளிக்குக் குறைந்தது ஒரு சதவீதம், முதலாளிக்குக் குறைந்தது ஒன்றரை சதவீதம். நிதியின் வரத்தை இவ்வாறு சுருக்கிவிட்டு, உயர் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் செய்து அந்நிதியை அங்கே திருப்பிவிடுவது தனியார்மயத்தின் மற்றொரு வழியாகும்.

ஐசோடோப்புகளிலும் இதே போக்கு தெரிகிறது. டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுள் 6 மணி நேரம். அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99க்கு ஏறத்தாழ 66 மணி நேரம். சேமித்து வைக்க இயலாத இப்பொருளுக்கு இடையறாத உற்பத்தி வேண்டும். 2009இல் கனடாவின் சாக் ரிவர் அணு உலை நிறுத்தப்பட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தியாவில் அணுசக்தித் துறையின் பொதுத்துறை அமைப்புகள் பல பத்தாண்டுகளாக மருத்துவ ஐசோடோப்புகளை உருவாக்கி வழங்கி வருகின்றன. அந்த வலிமையை விரிவாக்காமல், 2020 மே மாதம், பொது முடக்கக் காலத்திலேயே, மருத்துவ ஐசோடோப்பு உலையைத் தனியார் பங்கேற்புடன் அமைப்பதாக நிதியமைச்சர் அறிவித்தார்.

கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்

கலப்புப் படமுறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. மாரடைப்பால் துடிப்பவருக்கு உடனே வேண்டியது இ.சி.ஜி.யும், அடைப்பைக் கரைக்கும் மருந்தும், ஆம்புலன்ஸும்தான். கதிரியக்கம் உடலில் சேர்வதால் தேவையின்றி இச்சோதனையைச் செய்வதும் தவறு. இலாப நோக்கமற்ற பொது மருத்துவமனையில்தான் இந்தக் கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடிக்க முடியும்.

எனவே தொழிற்சங்கங்கள் கட்டடம் எழும் முன்பே குரல் எழுப்ப வேண்டும். பொம்மசந்திரா மருத்துவமனையின் திட்டத்திலேயே இதயப் பிரிவும், ஸ்பெக்ட்-சி.டி. கருவியுடன் கூடிய அணு மருத்துவப் பிரிவும் இடம்பெற வேண்டும். அதற்கான மருத்துவர்களும் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரும் தொழில்நுட்பர்களும் நிரந்தரப் பணியில் அமர்த்தப்பட வேண்டும். 2017இல் 21,000 ரூபாயாக நிர்ணயித்த ஊதிய வரம்பை உயர்த்தி, ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் கொண்டுவர வேண்டும். தனியார் ஸ்கேன் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும். ஐசோடோப்பு உற்பத்தி பொதுத்துறையிலேயே விரிவடைய வேண்டும்.

தருமபுரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சென்று அங்கு உழைப்போருக்கும் இது சொந்தப் பிரச்சனை. கன்னடம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே ஆலை வாயிலில் நின்று எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. வைப்பு நிதியைக் காத்த ஒற்றுமை 2016இல் அச்சாலையில்தான் உருவானது.