சந்தனம் வெளியே, தூசி உள்ளே

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நம் வீட்டுக் கணினிக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் இடுகிறோம்; பொரியும் கடலையும் படைக்கிறோம். மறுநாள் அதே பெட்டியைக் கணினி மேசையின் அடியிலுள்ள மரப்பொந்துக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு எழுத உட்காருகிறோம். தச்சர் அன்று தம் உளியைத் தீட்டி வைக்கிறார். தறிக்காரர் பஞ்சுத் தூசியைத் துடைத்துத் தறிக்கு எண்ணெய் இடுகிறார். கருவியைத் துப்புரவு செய்வதுதான் அந்த நாளின் முதற்பணி. பொட்டு அதற்குப் பின் வருவது. எழுதுவோராகிய நாமோ பொட்டை மட்டும் வைத்துக்கொண்டு துப்புரவை விட்டுவிட்டோம். இக்கட்டுரை அக்குறையைப் பற்றியது. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவர் நாமே.

சென்ற ஆண்டுக் கத்திரி வெயிலில் நம் கணினி உறையத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக ஓடும். பிற்பகல் இரண்டு மணிவாக்கில் சுட்டி நகராது. எந்த விசையைத் தட்டினாலும் அசைவிராது. விசிறி மட்டும் மாவு மில் போல இரைந்துகொண்டிருக்கும். அணைத்து அரை மணி கழித்துப் போட்டால் மீண்டும் உயிர் பெறும். பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "வைரஸ் சார், ஃபார்மட் போட்டுடலாம். டி டிரைவ்ல இருக்கிறதெல்லாம் பத்திரமா இருக்கும்" என்றார். தலையசைத்தோம். டெஸ்க்டாப்பில் நாம் வைத்திருந்ததெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை; நாமும் அறிந்திருக்கவில்லை.

போனவை எவை? பனையேறிகளிடம் ஏழு ஆண்டுகள் அலைந்து கேட்டுத் தொகுத்த தொழிற்சொற்கள், 1,400-க்கு மேல். கலயம், தளைநார், பாளை அரிவாள் என நூல்களில் ஏறிவிட்ட சொற்களைச் சொல்லவில்லை. எந்த அகராதியிலும் நாம் காணாத சொற்களைச் சொல்கிறோம். குறிப்பேட்டில் சொற்கள் மட்டும் உள்ளன. பொருளும், சொன்னவர் தந்த விளக்கமும் கணினியில் மட்டுமே இருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் சொல்லித் தந்த பெரியவர் அதற்கு முந்தைய தை மாதமே மறைந்துவிட்டார்.

நான்காம் நாள் பிற்பகல் கணினி மீண்டும் உறைந்தது.

பின்னர் நம் கல்லூரி இயற்பியல் மாணவர் ஒருவர் ஒரு திருப்புளியும் பெயின்ட் பிரஷும் கொண்டுவந்தார். பக்கத் தகட்டைக் கழற்றினால், செயலியின் மேலுள்ள அலுமினியத் தகடுகளின் இடைவெளி முழுவதும் கம்பளிபோலத் தூசி படிந்து அடைத்திருந்தது. அடியிலிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. தூசியை அகற்றிப் புதுப்பசை இட்டு, பெட்டியைப் பொந்திலிருந்து வெளியே எடுத்து வைத்தார். பயாஸ் திரையில் முன்பு 94 டிகிரி காட்டிய செயலி 58 காட்டியது. முக்கால் மணி நேர வேலை.

நிற்க. இதன் உட்கூறு அப்படியொன்றும் மறைபொருள் அன்று. செயலி உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. அவ்வெப்பத்தைத் தகடுகள் வாங்கிக் காற்றிடம் தருகின்றன; விசிறி அக்காற்றை மாற்றுகிறது. எவ்வளவு விசிறினாலும் செயலி தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராது. சுற்றுக்காற்றைவிட 45 டிகிரி உயரும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் அது 70-இல் நிற்கும். நம் சித்திரை மாதத்து 40 டிகிரியில் 85-ஐத் தொடும். தூசி அடைத்து, அந்த 45 என்பது 60 ஆனால் 100. மூடிய மரப்பொந்துக்குள் இருப்பதோ அறைக்காற்றுகூட அன்று. பெட்டி தானே துப்பிய சூட்டைத் தானே மீண்டும் உள்ளிழுக்கிறது.

இன்றைய செயலிகளுக்கு வெப்ப வரம்பு ஏறத்தாழ 90 முதல் 105 டிகிரி வரை. அதை நெருங்கினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் கணினியே அணைந்துவிடும். உறைந்து நிற்பது செயலியால் மட்டும் வருவதன்று. தாய்ப்பலகையின் மின்வழங்கு பகுதி, வரைகலைச் சில்லு, நினைவகம் இவற்றுள் ஏதேனும் ஒன்று சூட்டில் பிழை செய்தாலும் உறையும். சூடே இல்லாமல், பழுதான வன்தட்டாலும் உறையும். ஆகவேதான் திறந்து பார்க்க வேண்டும் என்கிறோம்.

"வைரஸ்" என்ற தீர்ப்பையும் நேர்மையாகவே எடைபோடுவோம். திருட்டுத்தனமாக மின்நாணயம் அகழும் நச்சுநிரல்கள் செயலியை ஓயாது உழைக்கவைத்துச் சூடேற்றுவது உண்மை. ஆனால் காலையில் அடங்கி, உச்சிவெயிலில் மட்டும் எழும் நச்சுநிரல் எது? ஐயமிருந்தால் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி ஓடவிட்டுப் பார்க்கலாம். அதிலும் உறைந்தால் பழுது பெரும்பாலும் வன்பொருளில்தான். வட்டைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை இது. நோயை அறியுமுன் நோயாளியின் நினைவை அழிப்பது எந்த மருத்துவம்?

பழுது பார்ப்பவரை மட்டும் குறை சொல்லித் தப்பவும் நாம் விரும்பவில்லை. "தூசி தட்டினேன், 800 ரூபாய்" என்றால் தருவோமா? "தூசி தட்டவா இவ்வளவு?" என்போம். ஃபார்மட் என்ற சொல்லுக்கு மறுபேச்சின்றித் தருகிறோம். நமக்குப் புரியாத சொல்லுக்கே கூலி என்ற வழக்கத்தை உண்டாக்கியவர்கள் நாம்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. "இந்த மெஷின் சமாச்சாரமெல்லாம் நமக்குத் தெரியாதுங்க" என்று இலக்கியக் கூட்டங்களில் நகைத்தபடி சொல்லும் பெருமிதம். யாப்பின் நுணுக்கத்தைப் பதம் பிரித்துக் காட்டும் அதே நாவு இதைச் சொல்கிறது. அவையும் சேர்ந்து நகைக்கிறது. அறியாமை எப்போது தமிழறிஞனுக்கு அணிகலன் ஆயிற்று? ஏடெழுதியவன் ஓலையைப் பதப்படுத்தவும் எழுத்தாணியைப் பிடிக்கவும் அறிந்திருந்தான். பூச்சி அரிக்காமலிருக்க எண்ணெய் பூசினான். ஓலை நைந்துபோகுமுன் படியெடுத்தான். அப்படிப் படியெடுத்துக்கொண்டே வந்ததால்தான் சங்க நூல்கள் நம் கைக்கு வந்தன. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டவர்களைப் பற்றி வகுப்பறையில் சினந்து பாடம் நடத்துகிறோம். அவர்கள் பக்தியால் விட்டார்கள். நாம் சோம்பலால் விடுகிறோம்.

"எழுத்தாளன் திருப்புளி பிடிக்க வேண்டுமா?" என்று அன்பர்கள் கேட்கக்கூடும். பிடிக்க வேண்டியதில்லை, பிடிப்பவரிடம் என்ன கேட்பது என்று அறிந்தால் போதும். முதலில், எழுதியவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்த பிறகே பெட்டியை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்து, வெப்பநிலை எவ்வளவு, விசிறி சுழல்கிறதா, பசை காய்ந்திருக்கிறதா, தாய்ப்பலகையின் மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். பின்னர் நினைவகத்தையும் வன்தட்டையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இவை எல்லாம் பொய்த்த பிறகே ஃபார்மட். தாமே தூசி அகற்றத் துணிவோர் மின்இணைப்பை உருவிவிட்டு, விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொண்டு அகற்றுக. மின்சாரப் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே வேண்டா. இணைப்பை உருவிய பின்னும் அதனுள் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

நம் குறிப்பேட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட சொற்கள் இன்றும் பொருளின்றி நிற்கின்றன. மீண்டும் அந்த ஊருக்குச் சென்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். "அது தாத்தாவுக்குத்தான் தெரியும்" என்றார் பெரியவரின் பேரன். வரும் ஆயுத பூசைக்கு முந்தைய நாள் பெட்டியைத் திறந்து தூசி தட்டுவதாக இருக்கிறோம். சந்தனம் அதற்குப் பிறகு.